ஒஸ்ரின் தொழிற்சாலைகளும் யாழ்ப்பாணத்து வீதிகளும்

யாழ்ப்பாணத்தில் கல்யாண வீடொன்றின் வாசலில் பூமாலை சூட்டிய பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் ஒன்று நிற்பதைக் கண்டால் உள்ளூரவர் எவரும் நின்று வியப்பதில்லை. வெளியூரிலிருந்து வருவோரே அதனைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடிக்கின்றனர். ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முன்னர், பிரித்தானியாவின் பேர்மிங்ஹாம் நகருக்குத் தெற்கேயுள்ள லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் உருவான கார் அது. அதனைச் செய்த கம்பனியின் கடைசி வாரிசு 2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முறிந்து வீழ்ந்தது. சுமார் 6000 பேர் ஒரே நேரத்தில் வேலை இழந்தனர். தாய்த் தொழிற்சாலை மூடப்பட்ட பின்னரும் பிள்ளை யாழ்ப்பாணத்து வெயிலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதனை வெறும் பழைமை மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு வெளிநாட்டுக் கார்க் கம்பனி கடல்கடந்து தொழிற்சாலைகளை நிறுவும்போது அந்தந்த நாடுகளுக்கு உண்மையில் எது மிஞ்சுகின்றது என்ற கேள்விக்கு இந்தக் கார் நல்லதொரு சான்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டுள்ளது. கார்களை உள்நாட்டிலேயே பொருத்துவது பற்றியும், காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய இடங்களில் முதலீட்டு வலயங்களை அமைப்பது பற்றியும் பேசப்படுகின்றது. இத்தகைய வேளையில் அந்தக் கேள்வியை ஆராய்வது பொருத்தமானதே.

முதலில் கம்பனியின் கதை. ஹேர்பேர்ட் ஒஸ்ரின் என்பவர் 1905இல் லோங்பிரிட்ஜில் தமது தொழிலைத் தொடங்கினார். ஒக்ஸ்போர்ட் நகரில் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்த வில்லியம் மொறிஸ் என்பவர் 1913இல் கார் செய்யத் தொடங்கி, பின்னர் அந்நகரின் அருகேயுள்ள கௌலியில் பெரிய தொழிற்சாலையொன்றை எழுப்பினார். (சைக்கிள் கடையிலிருந்து கார்த் தொழிற்சாலைக்குச் செல்லும் வழி ஒன்று உண்டென்பதை எமது சைக்கிள் கடைக்காரர்களும் அறிந்து வைத்திருக்கலாம்.) நீண்ட காலம் போட்டியாளர்களாக இருந்த ஒஸ்ரினும் மொறிசும் 1952இல் ஒன்றிணைந்து பிரித்தானிய மோட்டோர் கூட்டுத்தாபனம் ஆகின. 1968இல் அது லொறிக்கும் பஸ்ஸுக்கும் பேர்போன லேலண்டுடன் இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆயிற்று.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் பிரித்தானியா பெருங்கடனில் மூழ்கியிருந்தது. டொலர் உழைக்க வேண்டும், அதற்கு ஏற்றுமதி செய்ய வேண்டும் என்பதே அரசின் ஒரே மந்திரம். உருக்கு பங்கீட்டு முறையிலேயே கிடைத்தது. எந்தக் கம்பனி கூடுதலாக ஏற்றுமதி செய்கின்றதோ அதற்கே உருக்கு. ஒஸ்ரின் ஏ40 ரகக் கார்கள் 1947 முதல் உலகெங்கும் கப்பலேறியமைக்கும், 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் பல நாட்டு வீதிகளை நிறைத்தமைக்கும் இதுவே காரணம். மொறிஸ் மைனர் 1960 டிசம்பரில் பத்து இலட்சத்தை எட்டியது. அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதலாவது பிரித்தானியக் கார் அதுவே.

ஆனால் கார்களை வாங்கிய நாடுகள் எல்லாம் முழுமையாகச் செய்து முடித்த காரையே விரும்பின என்பதற்கில்லை. முழுக் காருக்குக் கூடிய தீர்வை, பாகங்களுக்குக் குறைந்த தீர்வை என்று பல நாடுகள் விதித்தன. எனவே காரைப் பாகம் பாகமாக மரப்பெட்டிகளில் அடைத்து அனுப்பி, போய்ச் சேரும் நாட்டில் பொருத்தும் முறை வளர்ந்தது. அவுஸ்திரேலியாவில் சிட்னி நகரின் செட்லண்ட், தென்னாபிரிக்காவில் கேப்டவுனை அடுத்த பிளாக்ஹீத் ஆகிய இடங்களில் இக்கம்பனி தொழிற்சாலைகளை அமைத்தது. நியூசிலாந்திலும் அயர்லாந்திலும் இக்கார்கள் பொருத்தப்பட்டன. பின்னாளில் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் உரிமம் பெற்ற கம்பனிகள் இவற்றைத் தயாரித்தன. இவற்றின் கதைகளை எல்லாம் இங்கு விரிப்பதற்கு இடமில்லை. எமக்கு நெருங்கிய மூன்று ஆசிய நாடுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். யப்பான், இந்தியா, இலங்கை ஆகிய மூன்றும் ஒரே பத்தாண்டில் ஒரே காரைப் பெற்றன. மூன்றும் அதனை வெவ்வேறு விதமாகப் பயன்படுத்தின.

யப்பானின் நிசான் கம்பனி 1952 டிசம்பரில் ஒஸ்ரினுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. பெட்டிகளில் வந்த பாகங்களைக் கொண்டு ஏ40 சோமசெட் கார்களைப் பொருத்துவது முதற்படி. குறித்த காலத்துக்குள் எல்லாப் பாகங்களையும் யப்பானிலேயே செய்துவிடுவது அடுத்த படி. சொன்னபடியே நடந்தது. 1956 அளவில் நிசானின் ஒஸ்ரின் ஏ50 கேம்பிரிட்ஜ் முழுவதும் யப்பானியப் பாகங்களால் ஆனது. பத்தாண்டு முடியுமுன் நிசான் அந்தக் காரையே கைவிட்டது, படிக்க வேண்டியதைப் படித்து முடித்துவிட்டமையால். ஒஸ்ரினிடம் கற்ற இயந்திர நுட்பம் டட்சன் கார்களுக்குள் புகுந்தது. பின்னர் அதே டட்சன் கார்கள் இலங்கைக்கும் வந்து ஒஸ்ரின்களை வீதியோரமாக ஒதுக்கத் தொடங்கின.

இந்தியாவின் வழி வேறு. தமிழகத்தை எடுத்துக்கொண்டால், விடுதலைப் போராட்ட வீரரும் தொழில் முனைவோருமான ரகுநந்தன் சரண் 1948 செப்டெம்பரில் அசோக் மோட்டோர்ஸ் கம்பனியைத் தொடங்கினார். சென்னைக்கு வடக்கேயுள்ள எண்ணூரில் 1949 முதல் ஒஸ்ரின் ஏ40 கார்கள் பொருத்தப்பட்டன. யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய காரின் உடன்பிறப்புகள் பாக்கு நீரிணைக்கு அப்பால், கடற்கரையோரத்துக் கொட்டகை ஒன்றில் உருவாகிக்கொண்டிருந்தன என்பது இங்கு பலர் அறியாத செய்தி. ஆயினும் அந்தப் பணி நீடிக்கவில்லை. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமின்றி வெறுமனே பொருத்தும் வேலையில் மட்டும் ஈடுபட்ட கம்பனிகள் வெளியேற வேண்டும் என்ற கொள்கையை இந்தியத் தீர்வை ஆணைக்குழு 1953இல் முன்வைத்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸும் போர்டும் நடையைக் கட்டின. எண்ணூர்க் கம்பனி காரை விட்டு லொறிக்கு மாறியது. பிரித்தானிய லேலண்ட் பங்காளியாகச் சேர, 1955இல் அதன் பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று. எமது பஸ் நிலையங்களில் அப்பெயரைக் காணாதவர் எவர்?

காரைப் பற்றிக்கொண்டது பிர்லா குடும்பத்தின் இந்துஸ்தான் மோட்டோர்ஸ். 1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கி, 1948இல் வங்காளத்தின் உத்தர்பாராவுக்கு இடம்பெயர்ந்த அக்கம்பனி, மொறிஸ் மைனரை 'பேபி இந்துஸ்தான்' என்ற பெயரிலும், மொறிஸ் ஒக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையை அம்பாசிடர் என்ற பெயரிலும் வெளியிட்டது. பிரித்தானியாவில் என்றோ நிறுத்தப்பட்ட அந்தக் காரை இந்தியா 2014 மே மாதம் வரை செய்துகொண்டிருந்தது. போட்டியில்லாத சந்தையில், மாற்றமில்லாத காரை அரை நூற்றாண்டுக்கு மேல் விற்றமை பெருமைக்குரிய விடயமா என்று கேட்பவர்களும் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. யப்பான் ஏழு ஆண்டுகளில் கடந்துசென்ற வகுப்பில் இந்தியா அரை நூற்றாண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தது. ஆனால் அந்தத் தேக்கத்தின் நிழலில் பிஸ்டன் செய்பவர், வால்வு செய்பவர், பிறேக் செய்பவர் என்று ஆயிரக்கணக்கான சிறு தொழிலகங்கள் முளைத்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. சென்னையைச் சுற்றி இன்று உலகின் பெருங் கார்க் கம்பனிகள் தொழிற்சாலை அமைத்திருப்பதற்கு இந்த உதிரிப்பாகத் தொழிலகங்களும் ஒரு காரணம்.

இனி இலங்கை. நாம் முழுக் காரையே வாங்கினோம். தேயிலையும் இறப்பரும் நல்ல விலைக்குப் போன காலம் அது. 1950களில் கொரிய யுத்தம் இறப்பர் விலையை உயர்த்த, கையில் காசு புழங்கியது. ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கின. யாழ்ப்பாணத்தில் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் மலாயாவில் உழைத்துத் திரும்பிய ஓய்வூதியகாரர்களும் அவற்றை வாங்கினர். சில காலம் கழித்து அவை வாடகைக் கார்களாகிச் சந்திகளுக்கு வந்தன. அந்நாட்களில் இலங்கையின் ஆங்கிலப் பெயரிலுள்ள எழுத்துக்களில் இரண்டிரண்டைச் சேர்த்தே வாகன இலக்கம் வழங்கப்பட்டது. 1957இல் அதற்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் புகுத்தப்பட, வடக்கில் தமிழரசுக் கட்சியின் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. குடாநாட்டில் இன்றும் காணக்கிடைக்கும் சில கார்களின் ஆங்கில எழுத்துத் தகடு, அக்கார் அந்தப் போராட்டத்துக்கு முன்னரே பதிவானது என்பதைச் சொல்லாமற் சொல்கின்றது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. உள்நாட்டில் தொழிற்சாலை எதுவும் இல்லாத ஒரு நாட்டுக்கு இருக்கும் காரைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. 1970களில் ஹோமகமையில் உபாலி விஜேவர்த்தனவின் கம்பனி மஸ்டா, பியட் கார்களைப் பொருத்தியது. 1982இல் அதே ஹோமகமையை அடுத்த பனாகொடையில் லங்கா அசோக் லேலண்ட் நிறுவப்பட்டது. இவை எல்லாம் தலைநகரை அண்டியே நடந்தன. வடக்குக்குச் சீமெந்தும் இரசாயனமும் கிடைத்தன. வாகனத் தொழில் கிடைக்கவில்லை. 1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின்னர் யப்பானியக் கார்கள் பெருவாரியாக வரத் தொடங்கியதும், தெற்கில் ஒஸ்ரின்கள் மெல்ல மறைந்தன. யாழ்ப்பாணத்திலும் அவை அப்படியே மறைந்திருக்கக் கூடும். யுத்தம் அவற்றுக்கு ஆயுளைக் கூட்டியது.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது. கண்டி வீதி மூடப்பட்டது. எரிபொருள், சீமெந்து, இரும்பு, பற்றரி, உதிரிப்பாகங்கள் என்று தடைப் பட்டியல் நீண்டது. பெற்றோல் என்பது போத்தலிலும் துளியிலும் அளந்து விற்கும் பொருளாயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டில் ஓரளவு வந்தது. புதிய யப்பானியக் கார்கள் கொட்டில்களுக்குள் முடங்கின. பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின.

அது ஏன் என்பதைச் சற்று விளக்குவது நல்லது. பெற்றோல் இயந்திரத்தின் உருளைக்குள் எரிபொருள் ஆவியும் காற்றும் சேர்ந்து அமுக்கப்பட்ட பின்னரே பொறி கொடுக்கப்படுகின்றது. எத்தனை மடங்கு அமுக்குகிறோமோ அத்தனைக்கு வலு கூடும். ஆனால் தரங்குறைந்த எரிபொருள் அந்த அமுக்கத்தைத் தாங்காது. தானாகவே வெடித்து இயந்திரத்தைத் தட்டும். போர்க்காலத்திலும் அதன் பின்னர் 1953 வரையிலும் பிரித்தானியாவில் எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான, தரங்குறைந்த பெற்றோலே விற்கப்பட்டது. அந்தப் பெற்றோலுக்கு ஏற்றவாறே ஒஸ்ரின் பொறியியலாளர்கள் தமது இயந்திரத்தை அமைத்தனர். ஏ40 காரின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7 மடங்குதான். இன்றைய கார்களில் அது 10 மடங்குக்கும் மேல். பிரித்தானியாவின் ஏழ்மைக் காலத்துக்காகச் செய்யப்பட்ட இயந்திரம், 40 ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணத்தின் தடைக்காலத்துக்குப் பொருந்திப்போனது.

மண்ணெண்ணெயில் இன்னொரு சங்கடமும் உண்டு. குளிர்ந்த இயந்திரத்தில் அது ஆவியாகாது. எனவே முதலில் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்ப வேண்டும். சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இந்த வித்தை யாழ்ப்பாணத்தவருக்குப் புதியதன்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் கிணற்று நீர் இறைத்த இயந்திரங்களைப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகியவர்கள் குடாநாட்டு விவசாயிகள். தோட்டத்தில் கற்றதை அவர்கள் வீதிக்குக் கொண்டுவந்தனர். காருக்குப் பின்னால் எழும் வெண்புகையும், கண்ணைக் கரிக்கும் மணமும் அக்காலத்தை வாழ்ந்தவர்களுக்கு மறக்கக் கூடியவையல்ல. பிரசவ வலியெடுத்த பெண்ணும், எறிகணைச் சிதறல் பட்ட பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போனது இந்தப் புகைக்குள்தான்.

இதற்கான விலையை இயந்திரம் கொடுத்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே வடிந்து ஒயிலோடு கலந்து அதனைத் தண்ணீராக்கும். ஒயில் மெலிய, பிஸ்டன் வளையங்கள் தேயும், உருளை நீள்வட்டமாகும். அப்போது காரை லேத் பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உருளையைக் கடைந்து ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது பங்கு என்று பெருப்பித்து அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவது வழக்கம். ஒவ்வொரு தடவையும் இரும்புச் சுவர் மெலியும். நாற்பதைக் கடந்தால் புதிய உறை அடிக்க வேண்டும். மின்சாரம் இல்லாத அந்நாட்களில் லேத்தையும் எண்ணெய் இயந்திரத்தால் சுழற்ற வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இந்த வேலையின் அருமை விளங்கும்.

எல்லாவற்றையும் எமது கைவினைஞர்கள் செய்துவிட்டார்கள் என்று மிகைப்படுத்த வேண்டியதில்லை. புஷ், பின், சுள்ளாணி முதலியவற்றைக் கடையலாம். தகட்டில் கஸ்கெற் வெட்டலாம். லொறி வில்லுத் தகட்டை அடித்துக் கார் வில்லாக்கலாம். றேடியேற்றரை ஈயம் பூசி ஒட்டலாம். ஆனால் பொறிச் செருகி, குண்டுப் போதிகை, பிறேக்கின் இறப்பர்க் கிண்ணம் போன்றவை எந்த லேத்திலும் பிறப்பதில்லை. அவற்றுக்காக ஒரு காரைக் கழற்றி இன்னொரு காரை வாழவைத்தனர். ஓடும் ஒவ்வொரு ஒஸ்ரினுக்குப் பின்னாலும் வேலியோரத்தில் கறையான் ஏறிய இன்னுமொரு ஒஸ்ரின் கிடந்தது. தொழிற்சாலை பார்க்க வேண்டிய வேலையைப் பட்டறை எவ்வளவு தூரம் பார்க்க முடியும் என்பதன் எல்லை அங்கே தெரிந்தது.

இரும்பைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடக் கூடாத ஒரு விடயம் உண்டு. யாழ். நகரில் இரும்பு வியாபாரம், பழைய உலோகம், லொறிப் போக்குவரத்து ஆகியவற்றில் முஸ்லிம் மக்களின் பங்கு பெரிது. எந்தக் கழிவுக் குவியலில் எந்தக் காரின் அச்சு கிடக்கின்றது என்பதை அறிந்தவர்கள் அவர்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் கட்டளையின் பேரில், இரண்டே மணி நேர அவகாசத்தில் அவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். கடைகளும் சாமான்களும் கணக்குப் புத்தகங்களும் பின்னால் நின்றன. உதிரிப்பாகத்துக்குத் தடை விதித்தது கொழும்பு. உதிரிப்பாகத்தைத் தேடித்தரக்கூடிய அயலவரைத் துரத்தியது நாம் வாழ்ந்த மண். இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தன. இதனை எழுதாமல் குடாநாட்டுப் பட்டறைகளின் வரலாற்றை எழுத முடியாது. புத்தளத்து முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் தந்தையின் தொழிலுக்கு இங்கு திரும்ப முடிந்தது என்பதும் விடை காண வேண்டிய கேள்வியே.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. அந்தச் சனத்திரளுக்குள் ஊர்ந்த கார்கள் சில; வீட்டு முற்றத்தில் விட்டுச் செல்லப்பட்டவை பல. 2002இல் பாதை திறந்தபோது தெற்கிலிருந்து வந்தவர்கள் ஓடும் அருங்காட்சியகம் ஒன்றைக் கண்டதுபோல் வியந்தனர். 2006 ஓகஸ்டில் முகமாலை மூடப்பட, கட்டுப்பாட்டுக் காலம் மீண்டும் வந்தது. 2009இன் பின்னர் பாதை நிரந்தரமாகத் திறந்தது. புதிய வாகனங்கள் வந்தன. குத்தகைக் கம்பனிகள் வந்தன. பழைய கார்களைச் சேகரிப்போரும் வந்தனர்.

இனி, ஒப்பிட்டுப் பார்ப்போம். லோங்பிரிட்ஜ் கம்பனி 1975இல் அரசுடைமையாகி, பின்னர் தனியார் கைக்கு மாறி, 1994இல் ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ. வசமாகி, 2000ஆம் ஆண்டில் வெறும் 10 பவுணுக்கு விற்கப்பட்டு, 2005இல் முறிந்தது. இயந்திர சாதனங்களையும் எம்.ஜி. என்ற பெயரையும் சீனாவின் நான்ஜிங் கம்பனி வாங்கியது. பின்னர் அது ஷங்காய் கம்பனியோடு சேர்ந்தது. 2016இல் லோங்பிரிட்ஜில் கார் பொருத்துவதும் முற்றாக நின்றது. எம்.ஜி. என்பது 'மொறிஸ் கராஜ்' என்பதன் சுருக்கம். இன்று அப்பெயர் தாங்கிய கார்கள் குஜராத்தின் ஹாலோலில் தயாராகின்றன. ஒரு காலத்தில் இந்தியாவுக்குப் பெட்டியில் பாகம் அனுப்பிய பெயர், சீன உடைமையாகி, இந்தியத் தொழிற்சாலைக்குள் மீண்டும் புகுந்திருக்கின்றது. அம்பாசிடர் என்ற பெயரைப் பிரான்சின் பெஜோ 2017இல் 80 கோடி இந்திய ரூபாவுக்கு வாங்கிற்று. பெயருக்கு விலை உண்டு, தொழிற்சாலைக்கு விலை உண்டு. உருளையைத் தடவிப் பார்த்தே தேய்வைச் சொல்லும் கைக்கு யார் விலை போட்டார்கள்?

பழைய கதையை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இதுதான். கார்த் தொழிற்சாலை வருகின்றது என்றால் எமது நாட்டில் முதலில் கேட்பது, எத்தனை பேருக்கு வேலை என்பதையே. 2017 ஜனவரியில் குளியாப்பிட்டியில் அடிக்கல் நாட்டப்பட்டபோது வொக்ஸ்வாகன் தொழிற்சாலை வருகின்றது என்ற பேச்சு நாடெங்கும் அடிபட்டது. அந்த ஜேர்மன் கம்பனி முதலிடவில்லை என்பது பின்னரே தெளிவாயிற்று. பெயர்ப்பலகையில் மயங்குவது எமக்குப் பழக்கமான நோய். நிசான் 1952இல் கேட்டது வேறு கேள்வி. எந்தப் பாகத்தை எந்த ஆண்டில் நாமே செய்யப்போகின்றோம், அதற்கான வரைபடத்தையும் பயிற்சியையும் தருவீர்களா என்பதே அது. உள்நாட்டில் சேரும் பெறுமதிக்கு ஏற்ப வரிச் சலுகை வழங்குவது நல்ல கொள்கைதான். எனினும் இருக்கையையும் பற்றரியையும் ரயரையும் உள்ளூரில் வாங்கிச் சதவீதத்தை நிரப்பிவிட்டு, இயந்திரத்தைப் பெட்டியோடு இறக்குவது கணக்கு, தொழிலன்று.

வடக்குக்கு வரக்கூடிய எந்த வாகன முதலீட்டிலும் இந்தக் கேள்வி முதலிலேயே எழுப்பப்பட வேண்டும். இந்திய உதவியுடன் 2014இல் புதுப்பிக்கப்பட்ட அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை இருக்கின்றது. தொழில்நுட்பக் கல்லூரி இருக்கின்றது. கிளிநொச்சியில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. தடைக்காலத்துப் பட்டறைக்காரர்களும், மூப்பெய்தியவர்களாய், இன்னும் எம்மிடையே இருக்கின்றனர். இவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தவர் எவருமில்லை. அவர்களுட் பலரிடம் சான்றிதழ் கிடையாது. முன்னர் கற்ற தொழிலைச் சோதித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் நடைமுறையில் இருக்கின்றது. ஆனால் விண்ணப்பப் படிவத்தோடு கராஜ் கராஜாகச் செல்ல ஆள் வேண்டும். அங்குலச் சாவியில் கைபழகியவரின் பக்கத்தில் கணினியில் குறை கண்டறியும் இளைஞனை நிறுத்தினால் இருவருக்கும் இலாபம். மகன் கனடாவுக்குப் போய்விட்டான், லேத்துக்குச் சாக்குப் போர்த்திக் கிடக்கின்றது என்பதே இன்று பல பட்டறைகளின் நிலை.

இலங்கையிலும் இது இயலாத காரியமன்று என்பதற்கு மொறிஸ் மைனரே சாட்சி. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர், இலங்கையரான தனபால சமரசேகரவுடன் சேர்ந்து 1991இல் இந்நாட்டில் ஒரு தொழிலகத்தைத் தொடங்கினார். கௌலியில் என்றோ நிறுத்தப்பட்ட காரின் தகட்டுப் பாகங்கள் இங்கு கைத்திறனால் செய்யப்பட்டு, அக்காரை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்த ஆங்கிலேயருக்குக் கப்பலில் போயின. அதே 1991இல், அதே காரின் கதவுக்கு ஒட்டுப்போடத் தேவையான இரும்புத் தகடு வவுனியாவைத் தாண்டி வடக்கே வருவதற்கு அனுமதி இருக்கவில்லை.